பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிய யார் எழுதினாங்கன்னு கம்ப்யூட்டரால கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனா ஸ்கோர பாத்து ஏமாந்துடாதீங்க, நான் ஏமாந்திருக்கேன்.

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஜிஆர்கே பாப்பிரின்னு 2019ல வந்த டேட்டாசெட்ட எடுத்தேன். மொத்தமே 50 படம், 10 எழுத்தர்கள், எல்லாம் கி.பி. 6ஆம் நூற்றாண்டு எகிப்துல பாப்பிரஸ்ல (கோரை மாதிரி ஒரு செடியோட தண்டுல செஞ்ச தாள்) எழுதின கிரேக்கம். இவ்ளோ பழசுக்கு இவர்தான் எழுதினார்னு எப்படி தெரியும்னா, பத்திரம் எழுதினவர் அடியில "டி எமூ", அதாவது "என் மூலமா"ன்னு போட்டு பேரையும் எழுதிடுவார். (மேல உள்ளத அசிஸ்டென்ட் எழுதியிருந்தா? அந்த வில்லங்கமும் உண்டு.)

50 படம் எந்த மூலைக்குன்னு ஒவ்வொண்ணையும் வரி வரியா வெட்டி, கலைச்சுப் போட்டு, பாதிய ப்ரோக்ராமோட ட்ரெயினிங்குக்கும் மீதிய டெஸ்ட்டுக்கும் வச்சேன், ரிசல்ட் பிச்சுக்கிச்சு. எங்க கைடு மேடம் பாத்துட்டு, எழுத்தே இல்லாத ஓரத்த மட்டும் வெட்டி குடுத்துப் பாருப்பான்னாங்க. குடுத்தேன். வெறும் ஓரத்துக்கும் எழுத்தர் பேர கரெக்டா சொல்லுது! நார் ஓடுற விதம், பழுப்பு நிறம், ஃபோட்டோ எடுத்த வெளிச்சம்னு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு, கையெழுத்த கண்டுக்கவே இல்ல. அப்புறம் ஒரே பாப்பிரஸோட வரிகள் ட்ரெயினிங், டெஸ்ட் ரெண்டுலயும் வராம பிரிச்சு, எழுதின இங்க்க மட்டும் கறுப்பா தனியா எடுத்து (பாப்பிரஸ்ல இருக்கற ஓட்டையும் கறுப்பா வந்து உயிர வாங்கும்) ஓட்டினா ஸ்கோர் பாதாளத்துக்குப் போச்சு.

கல்வெட்டுல இந்த தொல்லை கம்மி. 2009ல ஏதென்ஸ்ல ஒரு டீம் 24 கல்வெட்ட 6 கல்தச்சர்களுக்கு பிரிச்சாங்க. ஒரு கல்வெட்டுல வர்ற ஆல்ஃபாவையெல்லாம் (கிரேக்கத்தோட முதல் எழுத்து) அவுட்லைன் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி, அந்தக் கல்லுக்குன்னு ஒரு சராசரி ஆல்ஃபா செஞ்சுக்குவாங்க. மத்த எழுத்துக்கும் அதேதான். அப்புறம் கல்லுக்கு கல் ஒப்பிட்டு பாக்கறது. ஸ்டீபன் ட்ரேசின்னு ஒருத்தர் பல வருஷமா வெறும் கண்ணாலயே இந்த வேலைய செஞ்சவர், அவர் கணிப்போட இதுவும் ஒத்துப்போச்சு.

பாப்பிரஸ்ல ஒரே ஆளே எப்பவும் ஒரே மாதிரி எழுதமாட்டான், அதுதான் சிக்கல். அந்தக் கால எகிப்துல அஃப்ரோடிட்டோங்கற ஊர்க்காரர் டயோஸ்கோரஸ் பத்திரமும் எழுதுவார், கவிதையும் எழுதுவார். பத்திரத்துல எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு ஓடும், கவிதைன்னா சாய்வா தனித்தனியா நிக்கும். பேர் தெரியாம பாத்திருந்தா ரெண்டு ஆளுன்னு நானே சத்தியம் பண்ணியிருப்பேன்.