உளி சரி, வெயில்தான் தப்பு

கேள்வி: ஐயா, பூவரசங்கிளை ஒன்றை அறுத்து, ஈரத்தோடே ஒரு டம்ளர் குடைந்தேன். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்தேன். விளிம்பிலிருந்து அடி வரை வெடித்துவிட்டது. பின்லாந்தின் குக்சா குவளை மட்டும் எப்படி வெடிக்காமல் நிற்கிறது? – வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கைவேலையில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. மொட்டை மாடிதான் காரணம். இன்னொன்றும் கேட்கிறேன்: உருண்டைக் கிளையை அப்படியே நிறுத்திவைத்துத்தானே குடைந்தீர்கள்? அப்படியானால் கிளையின் நட்டநடுவில் ஓடும் மெத்தென்ற நெட்டி டம்ளரின் அடியிலேயே இருக்கும். அது இருந்தால் நிழலில் வைத்தாலும் வெடிக்கத்தான் பார்க்கும்.

ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லை. மரத்தின் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமே இல்லை. இந்த இழுபறியோடு வெயிலும் சேர்ந்தால், வெளித்தோல் காய்ந்து இறுகும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அப்புறம் எங்காவது கிழியத்தானே வேண்டும்?

குக்சா என்பது நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் வடகோடியில் வாழும் சாமி மக்களின் குவளை. பிர்ச் மரத்தில் கழலை மாதிரி புடைத்திருக்கும் முண்டை வெட்டியெடுத்துச் செதுக்குவார்கள். அந்த முண்டில் இழைகள் நேராக ஓடாமல் சுழன்று பின்னிக் கிடக்கும். விரிசல் ஓட நேர்வழி கிடைக்காது. அதற்காக அவர்கள் அதை அவசரமாகக் காயவைப்பதில்லை. உப்புத்தண்ணீரில் வேகவைத்துவிட்டு மெதுவாக ஆறப்போடுகிறவர்களும் உண்டு.

முண்டு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கட்டையை நெடுக்கே பிளந்து, நெட்டியைச் செதுக்கித் தள்ளுங்கள். அரைக்கட்டையில் குவளையைப் படுக்கைவாக்கில் குடையுங்கள். சுவர் ஒரு விரல் கனம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். செதுக்கிய சீவலோடு காகிதப் பையில் போட்டு, ஃபேன் காற்று படாத மூலையில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பையின் மேலேயே எழுதுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கத்தியை மறுபடி எடுப்பது அதற்குப் பிறகுதான். என் பட்டறையில் இப்படிப் பைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. வருகிறவர்கள் மளிகைச் சாமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: வேப்பமரத்தில் செய்தால் உடம்புக்கு நல்லதாமே? – வாசகி, திருச்சி

பதில்: சீப்பு செய்யுங்கள் அம்மா, அருமையாக இருக்கும். குவளையில் கசக்கும். பூவரசுதான் என் முதல் தேர்வு. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்பார்கள். உணவுக்குத் தன் ருசியை ஏற்றாது என்பதால் அதில் உண்கலங்கள் குடைந்தார்கள். மாமரம் செதுக்கச் சுலபம், ஆனால் வண்டு துளைக்கும். எட்டி, அரளி இரண்டும் விஷம், தொடவே வேண்டாம். வேங்கைக் குவளையில் தண்ணீர் நிறம் மாறுவது உண்மை; அது சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: உள்ளே தேங்காய் எண்ணெய் பூசலாமா? சூடான காபி ஊற்றலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, நாளடைவில் சிக்கு வாடை வரும். உணவுக்கென்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, துடைத்து, சில வாரம் காற்றாட விடுங்கள். பெயின்ட் கடை டபுள் பாயில்டு எண்ணெய் வேண்டாம். சீக்கிரம் உலர அதில் உலோக உப்புகளைச் சேர்ப்பது வழக்கம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவையுங்கள்.

காபி தாராளமாக ஊற்றலாம். குடித்ததும் வெந்நீரில் அலசிக் கவிழ்த்தால் போதும். சோப்பு வேண்டாம், தொட்டியில் ஊறப்போடவும் வேண்டாம்.