தரைத்தளத்தில் மீன்தொட்டி, செல்லாரில் சம்ப்: ரிட்டர்ன் பம்ப் எதை வாங்குவது?

கேள்வி: பெங்களூரில் தனி வீடு. ஹாலில் 6×2×2 அடி கடல்நீர்த் தொட்டி வைக்கிறேன், அதன் நீரை வடிகட்டும் கீழ்த்தொட்டியான சம்ப் நேர் கீழே செல்லாரில். சம்ப்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் வேண்டும். "மணிக்கு 10,000 லிட்டர், 5 மீட்டர்" என்று போட்ட, வேகத்தை மாற்றக்கூடிய டிசி பம்ப் ஒன்று கிடைக்கிறது. பிளம்பர் அரை எச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ள வீட்டு மோட்டார்) போதும் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்:

இரண்டுமே வேண்டாம்.

பிளம்பரைக் குறை சொல்ல முடியாது. பெங்களூரில் சம்ப் என்றாலே காவிரித் தண்ணீர் விழும் நிலத்தடித் தொட்டிதான். அதிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற அரை எச்பி மோட்டார் சரி. ஆனால் அது தினமும் அரை மணி நேரம் ஓடுவதற்கான மோட்டார். உங்களுக்கு 24 மணி நேரமும் ஓட வேண்டும். சாதாரண மோனோபிளாக்கின் உடல் வார்ப்பிரும்பு, நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் பெரும்பாலும் பித்தளை. உப்புத்தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளையிலிருந்து செம்பு கரையும். செம்பு கொஞ்சம் கலந்தாலும் பவளமும் இறாலும் பிழைக்காது. போதாததற்கு மின்சாரமும் சத்தமும். ஹார்டுவேர் கடைகள் நிறைந்த எஸ்.ஜே.பி. ரோட்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி அந்த டிசி பம்ப். பெட்டியில் இருக்கும் 10,000 லிட்டர் என்பது தண்ணீரைக் கொஞ்சமும் உயர்த்தாதபோது வரும் அளவு. 5 மீட்டர் என்பது தண்ணீர் வருவதே நின்றுவிடும் உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. பம்ப் எத்தனை லிட்டர் என்று கேட்காமல், உங்கள் வீட்டு உயரத்தில் எத்தனை லிட்டர் என்று கேட்க வேண்டும்.

உயரத்தைக் கணக்கிடுவோம். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் நீர்மட்டம் வரை செங்குத்தாக அளக்க வேண்டும். பம்ப் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறது என்பது கணக்கில் வராது. செல்லார் தரையிலிருந்து ஹால் தரை வரை, கான்கிரீட் தளத்தையும் சேர்த்து, சுமார் 3.2 மீட்டர். ஸ்டாண்டும் தொட்டியும் 1.35 மீட்டர். சம்ப்பின் நீர்மட்டம் தரையிலிருந்து அரை மீட்டர் என்றால் அதைக் கழியுங்கள். வருவது ஏறக்குறைய 4 மீட்டர். குழாய் போகும் வழியில் கிடைமட்டமாக எத்தனை அடி நடந்தாலும் இந்த 4 மாறாது. உராய்வு மட்டும் கூடும்.

அடுத்து எத்தனை லிட்டர் வேண்டும். தொட்டியில் ஏறக்குறைய 650 லிட்டர் நிற்கும். சம்ப் வழியாக மணிக்கு மூன்று முறை சுற்றினால் போதும், அதாவது 2,000 லிட்டர். பவளத்துக்கு வேண்டிய அலையை ரிட்டர்ன் பம்பிடம் கேட்காதீர்கள். நாலு மீட்டர் தூக்கிக் கொண்டுவரும் தண்ணீரில் அலை உண்டாக்குவது, குடத்தில் சுமந்துவந்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற கதை. தொட்டிக்குள்ளேயே நீரைச் சுழற்றும் சின்ன விசிறி போன்ற வேவ்மேக்கர் இரண்டு வைத்தால் அந்த வேலை பத்து இருபது வாட்டில் முடியும்.

குழாயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2,000 லிட்டர் ஓட்டத்துக்கு, உள்விட்டம் 25 மி.மீ. உள்ள 10 மீட்டர் பிவிசி குழாயில் சுமார் 0.6 மீட்டர் உயரத்துக்குச் சமமான இழப்பு. ஆறு எல்போ போட்டால் இன்னும் 0.35. சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்! அதே ஓட்டம் 40 மி.மீ. குழாயில் போனால், எல்போக்களையும் சேர்த்து 0.12 மீட்டர்தான். சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஒன்றரை இஞ்ச் குழாய் வாங்கினால் பம்பே ஒரு சைஸ் குறையும். பம்பின் வாய் முக்கால் இஞ்ச்தான் என்றாலும் பரவாயில்லை, வாயைத் தாண்டியதும் பெரிதாக்கிவிடுங்கள். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இடம் இருக்கும் இடத்தில் இரண்டு 45 டிகிரி போடுங்கள்.

மொத்தம் 4.2 மீட்டர், நாசில் (தொட்டிக்குள் நீர் வரும் குழாய் வாய்) இழப்புக்கும் நாளடைவில் படியும் அழுக்குக்கும் கொஞ்சம் சேர்த்து 4.4 என்று வையுங்கள். 5 மீட்டர் பம்ப் 4.4-இல் மூச்சு வாங்கும். பெட்டியில் போட்ட அளவில் கால்வாசி வந்தாலே அதிர்ஷ்டம். அதோடு, எந்த உயரத்தில் எத்தனை லிட்டர் வரும் என்று காட்டும் பம்பின் வளைகோடு அந்த இடத்தில் தட்டையாக இருக்கும். சம்ப் மட்டம் பத்து சென்டிமீட்டர் இறங்கினாலே ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். நான் பார்க்கும் அளவுகோல் இது: வேலை செய்யும் உயரம், பம்பின் உச்ச உயரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 4.4-ஐ 0.6-ஆல் வகுத்தால் 7.3. எனவே உச்ச உயரம் 7.3 மீட்டருக்குக் குறையாத பம்ப். தயாரிப்பாளரின் வளைகோட்டில் 4.4 மீட்டருக்கு நேராக 2,000 லிட்டர் தெரிகிறதா என்று பாருங்கள். வளைகோடே தராத பம்பை வாங்காதீர்கள்.

"டிசி பம்பில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். செல்லார் சம்ப்பில் அந்த வசதி பாதிதான் பயன்படும். வேகம் குறையும்போது உச்ச உயரம் அதன் வர்க்கத்தில் குறையும். 7 மீட்டர் பம்பை 70 சதவீத வேகத்தில் ஓட்டினால் உச்சம் 3.4 மீட்டர், அதாவது மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. சீல் இல்லாத, காந்தத்தால் இம்பெல்லரைச் சுழற்றும் மேக்னட்டிக் டிரைவ் வெளிப்புற பம்ப்தான் இந்த உயரத்துக்கு என் தேர்வு. இவாக்கி எம்டி வரிசை இந்த வகையில் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளது. பீன்யா தொழிற்பேட்டை பக்கம் கெமிக்கல் பம்ப் விற்பவர்களிடம் பாலிப்ரோப்பிலீன் உடலும் செராமிக் ஷாஃப்டும் உள்ளதைக் கேட்டுப் பாருங்கள், தொடர்ந்து ஓடும் ரேட்டிங் உள்ளதா என்றும் கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இதன் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். சில நிமிடம் வறண்டு ஓடினாலும் போச்சு. சம்ப்பில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட ஆட்டோ டாப்-அப்பும், மட்டம் இறங்கினால் பம்பை நிறுத்தும் ஃப்ளோட் ஸ்விட்சும் கட்டாயம். ஓட்டத்தை பம்பின் வெளியேறும் பக்க வால்வால்தான் கட்டுப்படுத்த வேண்டும், உறிஞ்சும் பக்கம் முழுதாகத் திறந்தே இருக்கட்டும்.

மின்செலவு: 2,000 லிட்டரை 4.4 மீட்டர் ஏற்றத் தண்ணீருக்குத் தேவை 24 வாட். சின்ன பம்ப்களின் திறன் குறைவு என்பதால் 80 முதல் 100 வாட் இழுக்கும். மாதம் 65 யூனிட் என்று வையுங்கள். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி சலுகையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 200 யூனிட்டைத் தாண்டிய மாதத்தில் முழு பில்லும் கட்ட வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? ரிட்டர்ன் குழாய் சைஃபனாகி மேல் தொட்டி நீர் கீழே ஓடும். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 11 லிட்டர். நாசில் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால் 33 லிட்டர், இரண்டு குழாய்களிலும் நிற்பது 25, ஆக 60 லிட்டர். சம்ப்பில் இந்த இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். நாசிலை 15 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 165 லிட்டர் செல்லாருக்குப் போகும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஓர் ஓட்டை போட்டால் காற்று புகுந்து சைஃபன் உடையும். பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். நீரை ஒரே திசையில் விடும் செக் வால்வை நம்பாதீர்கள். ஒரு நத்தை போதும், மூடாமல் நிற்க. கரண்ட் இல்லாத நேரத்தில் ரிட்டர்ன் பம்பை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம். மேலே ஒரு வேவ்மேக்கரோ பேட்டரி ஏர் பம்போ ஓடினால் மீன்கள் தாக்குப்பிடிக்கும்.

இறங்கும் குழாய்க்கு இரண்டு பைப் வையுங்கள்: ஒன்று காற்று கலக்காமல் நீர் நிரம்பி இறங்கும் முழுச் சைஃபன், இன்னொன்று அவசரத்துக்கு வறண்டு நிற்பது. நாலு மீட்டர் வீழ்ச்சியில் சைஃபன் வேகமாக இழுக்கும், அதைச் சம்ப் அருகே பிவிசி கேட் வால்வால் அடக்குங்கள். பால் வால்வில் அந்த நுணுக்கம் வராது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கன்மெட்டல் வால்வு இங்கேயும் கூடாது, அதுவும் செம்புக் கலவைதான்.

2022 செப்டம்பர் மழையில் சர்ஜாப்பூர் ரோடு பக்கம் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். சம்ப்பை ஸ்டாண்டில் ஏற்றுங்கள், பிளக் பாயின்ட் எல்லாம் மார்பளவு உயரத்தில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக. வெளிப்புற பம்புக்கும் மேடை கட்டுங்கள், மேடை சம்ப்பின் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். இந்த வகை பம்ப் தானாகக் காற்றை இழுத்துத் தொடங்காது.

பொருத்தியதும் ரிட்டர்ன் நாசிலை நீருக்கு வெளியே திருப்பி, 20 லிட்டர் தண்ணீர் கேனை அதனடியில் பிடித்து, நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 36 விநாடி என்றால் 2,000 லிட்டர். அதைச் சுவரில் எழுதி வையுங்கள். சில மாதம் கழித்து 50 விநாடியைத் தொட்டால் இம்பெல்லரைக் கழற்றி, சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்ததில் அரை மணி ஊறவைத்துச் சுண்ணாம்புப் படிவை எடுங்கள்.