பெரியம்மா ஜெனீவாவில் வழக்குப் போடலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் இங்கே ஒரு மனித உரிமைப் பயிற்சிப்பட்டறை நடந்தது. இலங்கை ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கைகளை அட்டவணையாகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சித்திரவதை, பெண்கள், சிறுவர், காணாமல் ஆக்கப்படுதல் என்று எல்லாவற்றுக்கும் நேரே சரி அடையாளம். அமெரிக்கா சிறுவர் உரிமைச் சமவாயத்தைக்கூட இன்னும் ஏற்கவில்லை, நாங்கள் 1991இலேயே ஏற்றுவிட்டோம் என்று வளவாளர் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பெரியம்மாவின் மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் கையளிக்கப்பட்டவர். வீட்டில் இதைச் சொன்னபோது அவ கேட்டா: "அப்ப அதை வச்சு ஜெனீவாவில ஒரு வழக்குப் போடலாமா?" நான் என்ன சொல்ல? எல்லாம் ஏமாற்றுத்தானா?

ப., மல்லாவி

அன்புள்ள தம்பி,

அந்தப் பட்டறையில் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பெரியம்மா வீட்டிலிருந்தபடியே கேட்டிருக்கிறா. சரி அடையாளத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல்கள் போட்டிருக்க வேண்டும்: எந்தத் திகதியில் ஏற்றார்கள், தனி ஆள் முறையிடுகிற வழியைத் திறந்துவிட்டார்களா என்று. அவ்வளவும் இருந்தால் அட்டவணை வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்தையே எடுங்கள். 2015 டிசம்பரில் கையெழுத்து, 2016 மே 25இல் ஏற்புறுதி, அதாவது இதற்குக் கட்டுப்படுகிறோம் என்ற முறையான ஒப்புதல். உண்மையை அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு என்று அதன் 24ஆவது உறுப்புரை சொல்கிறது, வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 35ஆவது உறுப்புரைக்கு வந்தால், ஒரு நாடு சேர்ந்த பிறகு தொடங்கிய சம்பவங்களை மட்டுமே அந்தச் சமவாயத்தின் குழு பார்க்கும் என்று இருக்கிறது. பெரியம்மாவின் மகன் 2009. அந்தக் குழுவிடம் போக முடியாது. 2016இல் அரசாங்கம் ஏற்புறுதி கொடுத்தபோது இன்னொரு நாடு இலங்கையைப் பற்றி முறையிடலாம் என்று ஒத்துக்கொண்டது. பாதிக்கப்பட்ட ஆளோ குடும்பமோ முறையிடுவதற்கு வேறாக ஒரு பிரகடனம் வேண்டும், அதை அப்போது செய்யவில்லை. எந்த நாடு வந்து எங்களுக்காக முறையிடப் போகிறது?

ஆனால் வேறொரு வாசல் இருக்கிறது, அதைத்தான் பட்டறைக்காரர்கள் சொல்ல மறந்துவிட்டார்கள். குடியியல் அரசியல் உரிமைச் சமவாயத்தில் இலங்கை சேர்ந்தது 1980இல். தனி ஆள் முறையிட வழிவிடுகிற அதன் இணைப்பு உடன்படிக்கையான முதலாவது விருப்ப நெறிமுறையில் 1997 ஒக்டோபரில் சேர்ந்தது. 2009 அதற்குப் பிறகுதானே. திருகோணமலையில் 1990இல் இராணுவம் கொண்டுபோன மகனுக்காக ஒரு தந்தை இந்த வழியால்தான் போனார், சர்மா வழக்கு என்று சொல்வார்கள். 1990 நெறிமுறைக்கு முந்திய காலம் என்றாலும் மகன் இன்னும் வரவில்லை, ஆகவே மீறல் தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டு, 2003இல் அந்தச் சமவாயத்தைக் கண்காணிக்கிற ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் பக்கம் முடிவு சொன்னது.

சொன்னதுதான். செய்விக்க அதனிடம் பொலிஸும் இல்லை, சிறையும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். சிங்கராசா என்று ஒரு தமிழர், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர். அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தார். அதை வைத்து 1995இல் 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004இல் மனித உரிமைக் குழு, இது நியாயமான விசாரணை இல்லை, விடுதலை அல்லது மறுவிசாரணை போன்ற பரிகாரம் கொடுங்கள் என்றது. அந்த முடிவோடு அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2006 செப்டெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளியதோடு நிற்கவில்லை. பாராளுமன்றம் சட்டம் இயற்றாமல் வெளிநாட்டு உடன்படிக்கை எதுவும் உள்நாட்டு நீதிமன்றத்தில் செல்லாது, 1997இல் ஜனாதிபதி அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றும் தீர்ப்பளித்தது. ஜெனீவாவுக்கு ஒரு முகம், கொழும்பில் நீதிமன்றம் இருக்கிற புதுக்கடைக்கு ஒரு முகம். அந்த நெறிமுறையிலிருந்து இலங்கை விலகவும் இல்லை, பாருங்கள்.

அப்படியென்றால் ஏன் சேர்கிறார்கள்? ஒரு காரணம் சட்டைத் துணி. ஐரோப்பாவுக்கு ஆடை ஏற்றுமதி செய்ய ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச்சலுகை வேண்டுமென்றால் 27 சர்வதேச சமவாயங்களை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிபந்தனை. 2010இல் நிறுத்தி, 2017இல் திருப்பித் தந்தார்கள். கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய பஸ் ஏறுகிற எங்கள் பிள்ளைகளின் சம்பளத்தோடும் இந்தக் கையெழுத்துகள் முடிச்சுப் போட்டிருக்கின்றன. குடியியல் அரசியல் உரிமைச் சமவாயத்துக்காக 2007இல் வந்த ஐசிசிபிஆர் சட்டமும் அந்த நெருக்கடியில் பிறந்ததுதான். வாழும் உரிமையை அதில் சேர்க்கவில்லை, வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் பிரிவு மட்டும் வெகு கவனமாக உள்ளே இருந்தது. 2019இல் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரை அதே பிரிவில்தான் பிடித்து அடைத்தார்கள்.

அதற்காக எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அந்த 2016 ஏற்புறுதி இல்லையென்றால் 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்காது. ஆளைக் காணாமல் ஆக்குவது இந்த நாட்டில் 20 வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமானது அதனால்தான். பழையதற்கு அது பொருந்தாது என்று அரசாங்கத் தரப்பு அப்போதே சொல்லிவிட்டது. எனக்கு அது சரியென்று படவில்லை. ஆள் வரும்வரை குற்றம் முடியவில்லை என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரையே, செய்த காலத்தில் உலக நாடுகள் ஒத்துக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்த ஒன்றைப் பிறகு விசாரித்துத் தண்டிக்கலாம் என்கிறது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தார்கள், அதற்கென்று 2022இல் சட்டமும் வந்தது, கையிருப்பையும் அழித்தார்கள். அதில் எந்த அதிகாரியும் கூண்டில் ஏற வேண்டியதில்லை, அதனால் வேலை நடக்கிறது.

பெரியம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். மனித உரிமைக் குழுவுக்குப் போகலாம், ஆனால் அதற்கு முன் இங்கே ஆட்கொணர்வு மனு மாதிரி உள்ள வழிகளை முடித்திருக்க வேண்டும், அல்லது வழக்கு நியாயமில்லாமல் இழுபட்டிருக்க வேண்டும். வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாய்மார் எத்தனை தவணை ஏறி இறங்கினார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதைவிட இலகுவானது 1980இலிருந்து இயங்குகிற ஐ.நா.வின் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான செயற்குழு. அதற்கு ஏற்புறுதியும் தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, காசும் இல்லை. அது தீர்ப்பளிக்காது, அரசாங்கத்திடம் பதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே போனதால் மற்ற வழி அடைபடவும் மாட்டாது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ போராட்டத்தில் இருக்கிற அம்மாக்களிடம் முதலில் விசாரியுங்கள், பெரியம்மாவின் மகனின் பெயர் ஏற்கெனவே போயிருக்கவும் கூடும். போகவில்லையென்றால் திகதி, இடம், யாரிடம் கையளித்தது, கூட நின்றவர்கள் யார், பிறகு எங்கெங்கே முறையிட்டீர்கள் என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்ப நான் உதவுகிறேன்.