பெட்ரோலில் ஓடும் ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) டிரக்கில் புகை போகும் எக்ஸாஸ்ட் பைப்பை வெட்டிக் குட்டையாக்கினால் வேகம் கூடுமா?

கூடும், ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாகப் பிடித்திருக்கும்போது மட்டும். புறப்படும்போது இருந்த இழுவை போய்விடும்.

என்னிடம் இருப்பது ஹெச்பிஐ பாஜா 5டி, 23 சிசி டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லாததால், எரிந்த புகையோடு கொஞ்சம் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையும் சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக ஓடிவிடும். நீளமும் வடிவமும் கணக்கிட்டுச் செய்த எக்ஸாஸ்ட் பைப்பான டியூன்டு பைப் இருப்பதே அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பத்தான். போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்புக்குள் பாய்கிறது. விரியும் கூம்பிலிருந்து திரும்பும் அலை சிலிண்டரில் மிச்சமுள்ள புகையை உறிஞ்சுகிறது. சுருங்கும் கூம்பில் மோதித் திரும்பும் அலை, தப்பித்த கலவையைப் போர்ட் மூடுவதற்குள் உள்ளே தள்ளுகிறது.

அலை சரியான நேரத்துக்குத் திரும்ப வேண்டும். நீளம் அதற்குத்தான். போர்ட் 150 டிகிரி திறந்திருக்கிறது, சூடான புகையில் அலை வினாடிக்கு 500 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000 ஆர்பிஎம்முக்கு, போர்ட்டிலிருந்து சுருங்கும் கூம்பின் நடுப்பகுதி வரை சுமார் 42 செ.மீ. வரும். 13,000 ஆர்பிஎம்முக்கு 48 செ.மீ. அதாவது, பைப் குட்டையானால் பவர் வரும் ஆர்பிஎம் மேலே போய்விடும்.

நான் சிலிண்டரையும் பைப்பையும் இணைக்கும் ஹெடர் குழாயை ஒரே மூச்சில் 12 மி.மீ. அறுத்துவிட்டேன். தார் ரோட்டில் பறந்தது. புழுதி மண்ணில் வளைவு முடிந்து வெளியே வரும்போது மந்தமாகக் கிடந்து, திடீரென்று பவர் வந்து, பின்சக்கரங்கள் மண்ணை வாரி இறைத்ததே தவிர வண்டி நகரவில்லை. அறுத்ததை ஒட்ட முடியாதே, புது ஹெடர் வாங்க வேண்டியதாயிற்று. அதனால் வெட்டுவதென்றால் 3 மி.மீ. வெட்டுங்கள், பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள், ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்த 3 மி.மீ. மண்ணில் ஓட்டுபவர் என்றால் வெட்டவே வேண்டாம் என்பேன். கடைசியில் இருக்கும் ஒல்லியான வெளியேற்றக் குழாயையும் சத்தத்துக்காகப் பெரிதாக்காதீர்கள். உள்ளே நிற்க வேண்டிய அழுத்தம் போய்விடும்.

சரி, பைப் மாறினால் கார்புரேட்டரையும் தொட்டே ஆகவேண்டும். முதலில், முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஹெச் நீடிலை அரைக்கால் சுற்று திறந்துவிடுங்கள். முழு வேகத்தில் ஓட்டி, உடனே இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைகிறது என்றுதான் அர்த்தம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலுக்குப் பதில் நைட்ரோ எரிபொருளில் ஓடும் டிரக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பைப்பிலிருந்து டேங்குக்குப் போகும் அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளுகிறது, பைப் மாறினால் அதுவும் மாறும்.

நீடிலைத் திருகியும் இன்ஜின் அடங்காவிட்டால், ஹெடர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் நடுவில் இருக்கும் கேஸ்கெட் (புகை கசியாமல் அடைக்கும் தகடு) லீக். அதை மாற்றிவிட்டு டியூனிங்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.