கோல்ஃப் மட்டைகளை வீட்டிலேயே கழுவித் துலக்குவது எப்படி?

பழைய கோல்ஃப் மட்டைகள் சில கைக்கு வந்திருக்கின்றன, அவற்றை வீட்டிலேயே கழுவிப் பளபளப்பாக்க முடியுமா என்பது கேள்வி. முடியும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒருவன் இதற்குப் பதில் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது தன் கோல்ஃப் பையையும் இழுத்துக்கொண்டு வந்தார். திரும்பிப் போகும்போது மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் அந்த எடையைப் பிடித்துக்கொள்ள, பை எங்கள் விறாந்தை மூலையில் தங்கிவிட்டது. வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டக் காணியில் நான் அடித்துப் பழகினேன். இப்போது வருடத்துக்கு ஒருதரம் கோல்ஃப் மைதானம் இருக்கும் நுவரெலியாவுக்கும் போய்வருகிறேன். ஆட்டம் இன்னும் வரவில்லை. மட்டை துலக்குவது மட்டும் நன்றாக வந்துவிட்டது, அதுவும் நாலைந்து மட்டைகளைப் பாழாக்கப் பார்த்த பிறகு.

ஒரு பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது ஆட்ட விதி. அந்த 14-க்கும் ஒரே மருந்து கிடையாது. எது என்ன உலோகம், அதன்மேல் என்ன பூச்சு என்று பார்க்காமல் தேய்க்கத் தொடங்குவதுதான் எல்லாரும் விடும் பிழை. நீங்கள் அயன் என்று சொல்லும், தட்டையான உலோகத் தலை மட்டைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, துருவேறா உருக்கை வார்த்துச் செய்தது. மற்றது, மெதுவான கார்பன் உருக்கை அடித்து உருவாக்கி, மேலே நிக்கலும் குரோமும் பூசியது. காந்தம் ஒட்டினால் அது துருவேறா உருக்கு இல்லை என்று நம் ஊரில் சட்டி பானை வாங்கும்போது சொல்வார்களே, அந்தச் சோதனை இங்கே செல்லாது. மட்டைத் தலை செய்யும் துருவேறா உருக்கு வகைகளில் வழக்கமானவற்றில் காந்தம் வடிவாக ஒட்டும். கண்ணால் பார்ப்பதுதான் வழி. முகம் தெரிகிற மாதிரிக் கண்ணாடிப் பளபளப்பு என்றால் அநேகமாகக் குரோம். சாம்பல் சாயலில் மங்கலாக இருந்தால் துருவேறா உருக்காக இருக்கலாம், மங்கல் குரோமாகவும் இருக்கலாம். இரண்டையும் மெருகேற்றக் கூடாது, தேய்த்த இடம் மட்டும் திட்டாக மினுங்கி அசிங்கமாகிவிடும். கறுப்புப் பூச்சு உள்ளவற்றைக் கழுவுவதோடு விட்டுவிடுங்கள்.

சரி, கழுவுவதற்கு வருவோம். ஒரு வாளியில் கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. அயன்களின் தலை மட்டும் அமிழும்படி ஐந்து பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். தலையும் தண்டும் சேரும் கழுத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் இருக்கும், தண்ணீர் அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். தலை தண்டோடு பிடித்திருப்பது எபொக்சிப் பசையால். தலை மாற்றுகிறவர்கள் அந்த இடத்தைச் சூடாக்கித்தான் கழற்றுவார்கள் என்றால், கொதிநீரை ஏன் கிட்ட விடக்கூடாது என்று விளங்கும். பிறகு பழைய பல்லுத் தீட்டும் பிரஷ் ஒன்றால், பந்தில் படும் பக்கமான மட்டை முகத்தின் பள்ளக்கோடுகளை நீளவாட்டில் தேயுங்கள். காய்ந்து இறுகிய மண்ணுக்குப் பல்லுக் குத்தும் ஈர்க்கு போதும். ஆணி, ஊசி, கம்பிப் பிரஷ் எதுவும் வேண்டாம். இந்தக் கோடுகள் அலங்காரத்துக்கு இல்லை. பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் சிக்கும் தண்ணீரும் புல்லும் ஒதுங்க அவைதான் வழி, அவை அடைபட்டால் பந்து சுழலாமல் வழுக்கிப் போகும். ஆகவே மட்டை பளபளக்காவிட்டாலும் பரவாயில்லை, கோடுகள் சுத்தமாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில், கோப்பாய், உரும்பிராய் எல்லாம் செம்மண். முதல்நாள் அடித்துவிட்டு வந்து பார்த்தபோது எல்லா மட்டையும் ஒரே நாளில் துருப்பிடித்துவிட்டது என்று பயந்துபோனேன். அது துரு இல்லை, மண்ணின் சாயம். அந்தச் சிவப்பும் இரும்பு ஒக்சைட்டுதான் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஈரத்துணியால் துடைத்தால் துணியோடு வந்துவிடுவது மண், விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்படுவது துரு.

ஆனால் இங்கே மட்டைகளுக்கு உண்மையான எதிரி மண் இல்லை, தண்ணீர்தான். வீட்டில் கேத்தல் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அடியில் வெள்ளையாக ஓடு ஓடாகப் படியும். நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வரும் கிணற்றுத் தண்ணீர். அதில் கழுவிவிட்டு வெயிலில் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுப் போகும். கடற்கரைப் பக்கமும் தீவுப் பக்கமும் என்றால் உவரும் சேர்ந்துகொள்ளும், உப்பு உலோகத்தை விடாது. நான் செய்வது இது: கிணற்றுத் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலை மட்டும் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் முடிப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு கலன் நிரப்பி மூடி வைத்தால் நீண்ட நாளைக்குக் காணும். அலசிய கையோடு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துவிட வேண்டும், பழைய சாரம் இதற்கு அருமை. 'காற்றில் காயட்டும்' என்பது எங்கள் ஊருக்கு ஒத்துவராது. ஏற்கெனவே வெள்ளைப் படிவு இருந்தால், துருவேறா உருக்கு என்றால் மட்டும், வினாகிரி நனைத்த துணியால் ஒருதரம் துடைத்து உடனே அலசிவிடுங்கள்.

வினாகிரி என்றதும் என் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பையில் 56 என்று குத்தியிருந்த ஒரு வெட்ஜ் (கிட்டத்து அடிக்கான, முகம் நன்றாகச் சரிந்த மட்டை), தலை முழுக்கக் கபில நிறத் துரு. இணையத்தில் பார்த்ததை நம்பி, வினாகிரி ஊற்றிய போத்தலுக்குள் தலையைத் தாழ்த்தி இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் தலை கரிச்சட்டியின் அடிபோல் இருந்தது. தேய்த்து, கழுவி, வெள்ளையாக்கி, கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்து வந்தேன். அதற்குள் தோடம்பழ நிறத்தில் புதுத் துரு! மறுபடி தேய்த்தேன். இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் வீடியோவில் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "டேய் தம்பி, அது துருப்பிடிக்க எண்டே வாங்கினதடா!"

அப்படியும் ஒரு வகை இருக்கிறது. மேலே பூச்சே இல்லாமல் வெறும் உருக்காக விற்கிறார்கள், வெயிலில் கண் கூசாது என்பதும் அடிக்கும்போது மெத்தென்று இருக்கும் என்பதும் வாங்குகிறவர்களின் வாதம். துருப் பிடித்தால் பந்து கூடச் சுழலும் என்றும் சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த வகையில் உதிரும் துருவை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டால் போதும். உங்கள் பையில் ஒரே ஒரு வெட்ஜ் மட்டும் ஒரே சீராகத் துருவேறி, மற்றவை நன்றாக இருந்தால், முதலில் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

உண்மையில் எடுக்க வேண்டிய துரு, பூச்சில்லாத கார்பன் உருக்கில் இருந்தால், வினாகிரியில் கால் மணிநேரம், அதிகம் போனால் அரை மணிநேரம், அதுவும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு. எடுத்ததும் ஒரு கரண்டி அப்பச்சோடா கலந்த தண்ணீரில் அலசினால் மிச்சப் புளிப்பு அடங்கும். பிறகு நல்ல தண்ணீர், உடனே துணி, உடனே எண்ணெய். நடுவில் தேத்தண்ணீர் கூடாது. பூச்சு உரிந்த குரோம் மட்டையை வினாகிரிக்குள் வைக்கவே கூடாது, உரிந்த ஓரத்தால் உள்ளே போய் மீதிப் பூச்சையும் கிளப்பிவிடும்.

குரோமில் படரும் சின்னச் சின்னக் கபிலப் புள்ளிகளுக்கு எனக்கு வழி காட்டியது கோல்ஃப் இல்லை, பெரியப்பாவின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். யுத்தத்தின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெட்ரோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று. புகை தள்ளிக்கொண்டு ஓடினாலும் அதன் பம்பரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அவர் செய்வது சின்ன வேலை. சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளைச் சுருட்டி, தண்ணீரில் தோய்த்து, புள்ளி இருக்கும் இடத்தில் மெதுவாகத் தேய்ப்பார். இப்போது சோறு சுற்றும் அலுமினியத் தாள் இருக்கிறது. அலுமினியம் குரோமைவிட மெதுவானது, அதனால் கீறாமல் துருவை மட்டும் எடுத்துவிடும். கறுப்பாக ஒரு சேறு வரும், துடைத்துவிட்டு, கார்களுக்குப் போடும் மெழுகை மெல்லியதாகப் பூசித் துணியால் தேய்த்தால் வேலை முடிந்தது. குரோம் பூச்சு மெல்லியது என்பதை மறக்க வேண்டாம். பித்தளை துலக்கும் பிராசோ போட்டுத் தினமும் தேய்த்தால் பளபளப்பு போய் ஒருநாள் உள்ளே இருக்கும் மஞ்சள் சாயல் நிக்கல் எட்டிப் பார்க்கும். சட்டி தேய்க்கும் தும்பும் சாம்பலும் இதற்கு ஆகாது. அம்மா ஒருதரம் எனக்கு உதவி செய்வதாக நினைத்து ஐந்தாம் நம்பர் அயனை அப்படித் துலக்கிவிட்டார், இன்றும் அது மட்டும் தனியாக மங்கித் தெரிகிறது.

இயந்திரச் சில்லில் வைத்து மெருகேற்றித் தருகிறோம் என்று பட்டறைகளில் கேட்பார்கள். நானும் ஒரு இடத்தில் ஒன்பதாம் நம்பரைக் கொடுத்தேன். வெள்ளிக் கிண்ணம் போல் வந்தது, ஆனால் பள்ளக்கோடுகளின் விளிம்பு மழுங்கி, இலக்கம் பாதி அழிந்துபோயிருந்தது. கோடுகளைக் கூராக்கும் சின்ன உளிகளும் விற்பனைக்கு இருக்கின்றன, அதுவும் வேண்டாம். 2010-இலிருந்து அந்தக் கோடுகளின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் விதி இருக்கிறது, நாமாகக் கீறினால் மட்டை போட்டிக்கு ஆகாமல் போகலாம்.

பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் என்ற மட்டை, பழையது என்றால் சில பித்தளையில் இருக்கும். சித்தப்பாவின் பையிலும் ஒன்று. இங்கே அம்மாவுக்கு நான் தலை வணங்கத்தான் வேண்டும். குத்துவிளக்குத் துலக்கும் அதே பழப்புளியும் உப்பும்தான், இரண்டு நிமிடம், கழுவித் துடைத்தாயிற்று. பொன் மாதிரி வந்தது. பச்சையாகப் படிந்த களிம்பும் போய்விட்டது. ஆனால் வெயிலில் குனிந்து நின்றால் கண்ணில் அடிக்கிறது. பிறகு நானே அதைத் துலக்காமல் விட்டு, மங்க வைத்துவிட்டேன். எனக்கு மங்கிய பித்தளைதான் பிடித்திருக்கிறது. இந்தப் புளியை உருக்கு மட்டைகளுக்குக் கொண்டுபோக வேண்டாம், அங்கே அது வினாகிரியின் தம்பி.

டிரைவர், வூட் என்று சொல்லும் பெரிய தலை மட்டைகளை ஊறவைக்கவே கூடாது. இப்போதைய தலைகள் பெரும்பாலும் டைட்டானியம், கார்பன் நார் அல்லது துருவேறா உருக்கு, அவை இலகுவில் துருப்பிடிக்காது, ஆனால் மேலே இருப்பது வெறும் பெயின்ற். ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, அவ்வளவுதான். தின்னரை மணக்கக்கூட விடாதீர்கள். மிகப் பழைய வூட் என்றால் உண்மையிலேயே மரம், தண்ணீர் ஏறினால் ஊதி வெடிக்கும்.

கைபிடியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். நம் ஊர் வியர்வையும் கைக்கு வைத்த எண்ணெயும் ஏறி றப்பர் கண்ணாடி மாதிரி வழுக்கும். சவர்க்காரம் தோய்த்த துணியாலோ மெதுவான பிரஷாலோ தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். மேல் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதற்குள் தண்ணீர் போகாமல் பிடிக்க வேண்டும். போனால் உருக்குத் தண்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், உடையும் நாள்வரை வெளியில் தெரியாது.

வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரின் டிக்கிக்குள் வெயிலில் விட்டால் அந்த எபொக்சிப் பசைக்கு நல்லதில்லை. ஈரமான தலையுறையை மாட்டி வைப்பது, ஈரச்சாரத்தைச் சுற்றி வைப்பது போலத்தான். உருக்குத் தலைகளுக்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளியைத் துணியில் விட்டு மெல்லியதாகத் தடவி வைப்பேன், மாரி காலத்தில் மாதம் ஒருதரம். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த எண்ணெயை ஆடப் போகும் காலையில் துடைத்துவிட வேண்டும். நான் ஒருமுறை மறந்துவிட்டு நுவரெலியாவில் ஏழாம் நம்பர் அயனை எடுத்து அடித்தேன். பந்து முகத்தில் வழுக்கி வலப்பக்கப் பற்றைக்குள் போய் விழுந்தது. பை தூக்கி வந்த அண்ணை ஒன்றும் பேசவில்லை. மட்டையை வாங்கி, தோளில் கிடந்த துவாயின் ஈர மூலையால் ஒருதரம், காய்ந்த மூலையால் ஒருதரம் துடைத்து, திருப்பித் தந்தார்.