இசைத்தூணும் மந்திரமும்

அன்புள்ள ஐயா,

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. வேதியியல் மாணவன். பென்சீனில் சொல்லும் ரெசனன்ஸும் பிளஸ் டூ இயற்பியலில் படித்த ரெசனன்ஸும் ஒன்றா? சுசீந்திரம் இசைத்தூண்கள் பாடுவதும், மந்திரத்தின் அதிர்வு நம் உடம்போடு சேர்வதும் ரெசனன்ஸ்தான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரிதானா?

அன்புள்ள தம்பிக்கு,

பென்சீன் கதை வேறு. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்த அந்த மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு இங்கும் அங்கும் தாவுவதில்லை. கார்பன்களுக்கிடையே உள்ள ஆறு பிணைப்புகளும் எப்போதும் ஒரே நீளம், சுமார் 1.39 ஆங்ஸ்ட்ராம். மேற்கொண்டு உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வாட்ஸ்அப் வரி. போன வாரம் சுசீந்திரம் கோயில் அலங்கார மண்டபத்தில் ஒருவர் தன் பிள்ளைகளிடம் இதே மந்திரக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து மனசு ஆறவில்லை.

தூணைத் தட்டினால் ஒலிப்பது ஒத்ததிர்வே அல்ல, அதாவது நீங்கள் கேட்ட இயற்பியல் ரெசனன்ஸ் அல்ல. தட்டிவிட்டால் எந்தப் பொருளும் தன் இயல்பு அதிர்வெண்ணில், அதாவது வினாடிக்குத் தனக்கே உரிய இத்தனை தடவை என்று, அதிர்ந்து அடங்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒன்று அதே அதிர்வெண்ணில் விடாமல் தள்ளிக்கொடுத்து வீச்சு, அதாவது அசைவின் அளவு, பெருகினால்தான் அது ஒத்ததிர்வு.

இசைத்தூணில் உள்ள மெல்லிய தண்டுகளை ஒரே கல்லில் குடைந்தெடுத்திருக்கிறார்கள். இரு முனையும் பிடிபட்ட கல்தண்டின் சுரத்தை அதன் நீளமும் தடிமனும் கல்லின் விறைப்பும் அடர்த்தியும் தீர்மானிக்கின்றன. நீளம் பாதியானால் அதிர்வெண் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தடிமன் குறைந்தால் சுரம் இறங்கும். உளி ஒரு நூல் கூடுதலாகச் செதுக்கிவிட்டால் போனது போனதுதான், கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்தக் கையையும் காதையும் மறந்துவிட்டு, புகழை மந்திரத்துக்குத் தூக்கிக் கொடுப்பது அந்தச் சிற்பிக்குச் செய்கிற அநியாயம்.

நாகர்கோவிலில் படித்தபோது ஆய்வகத்தில் வினாடிக்கு 512 தடவை அதிரும் இசைக்கவையைத் தட்டிக் கண்ணாடிக் குழாயின் வாயில் பிடித்துக்கொண்டு, உள்ளே தண்ணீரை மெல்ல இறக்குவோம். ஒன்றும் கேட்காது. தண்ணீர் குழாயின் வாயிலிருந்து 16 செ.மீ. பக்கம் இறங்கியதும் குழாய் சட்டென்று கூவும்; அதுதான் ஒத்ததிர்வு. கொஞ்சம் தாண்டினால் அடங்கிவிடும். "பேசாம கேளுலே மக்கா" என்பார் ஆசிரியர். அவர் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

ஒத்ததிர்வு அத்தனை கறாரானது. கரியமில வாயு மூலக்கூறு வளைந்து நிமிர்வது வினாடிக்குச் சுமார் 20 லட்சம் கோடி தடவை. பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரில் அதே அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியைத்தான் அந்த அசைவு வாங்கிக்கொள்ளும். மந்திர அதிர்வு என்று சொல்பவரிடம் கேளுங்கள்: வினாடிக்கு எத்தனை? உடம்பில் எந்த உறுப்பு? யார், எதை வைத்து அளந்தார்கள்? வேதியியல் படிக்கிற பிள்ளை, இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான்.

சரி, தக்கலையிலிருந்து சுசீந்திரம் ஒன்றும் தூரமில்லை. போய் வாருங்கள். காசை எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டாம், நூற்றாண்டுகள் நின்ற கல் அது. தண்டுக்குத் தண்டு தடிமன் எப்படி இருக்கிறது என்று நின்று நிதானமாகப் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.