பதினான்கு சர்டிபிகேட்டும் மாத்திரை எண்ணும் தட்டும்

தம்பி, உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் சுருக்கிவிடுகிறேன். மதுரையில் பி.பார்ம் முடித்தவர் நீங்கள். கனடாவில் நிரந்தரமாகத் தங்க பிஆர் கிடைத்து பிப்ரவரியில் டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். ராத்திரி கிடங்கு வேலை, பகலில் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஆன்லைன் கோர்ஸ். இதுவரை பதினான்கு சர்டிபிகேட் சேர்ந்துவிட்டது. நாற்பது பார்மசிக்கு ரெஸ்யூமே போட்டும் ஒரு போன் வரவில்லை. இப்போது 900 டாலருக்கு 'அட்வான்ஸ்டு' என்று ஒரு கோர்ஸ் கண்ணில் பட்டிருக்கிறது, சேரலாமா என்று கேட்கிறீர்கள். ஊரில் இரண்டாம் ஆண்டு பி.பார்ம் படிக்கும் தங்கையையும் இந்த வழியில் இறக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி.

சேர வேண்டாம். அந்தத் தொள்ளாயிரத்தை பிஇபிசி, அதாவது கனடாவின் பார்மசி தேர்வு வாரியத்தின் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன். நடுவில் என் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சிக்காரி. 2014இல் இங்கே வந்தபோது என்னிடமும் ஏழு சர்டிபிகேட் இருந்தது. பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாக அடுக்கி, கலர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்று இங்கே வந்தபின் 450 டாலர் கொடுத்து வாங்கியது. 'பார்மசி அசிஸ்டன்ட் வேலைக்கு இது கட்டாயம்' என்றார்கள். நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அசிஸ்டன்ட் வேலைக்குச் சட்டப்படி எந்தச் சான்றிதழும் தேவையில்லை. டெக்னீசியனுக்குத்தான் பதிவு வேண்டும். இது எனக்குப் பணம் கட்டிய பிறகு தெரிந்தது.

முதல் இன்டர்வியூ ஒரு சின்னக் கடையில். முதலாளி எகிப்துக்காரர், நம்மைப் போலவே எல்லாப் பரீட்சையும் எழுதி மேலே வந்தவர். என் ஃபைலை வாங்கினார், திறக்காமல் ஓரமாக வைத்தார். மெட்ஃபார்மின் 500 டப்பா ஒன்று, மாத்திரை எண்ணும் தட்டு ஒன்று, ஒரு ஸ்பாட்டுலா. "தொண்ணூறு எண்ணு" என்றார்.

நம் ஊரில் மாத்திரை ஸ்டிரிப்பில் வரும். கத்தரிக்கோலால் வெட்டி, கவரில் போட்டு, கோடு கிழித்துக் கொடுப்போம். உதிரி மாத்திரையைத் தட்டில் கொட்டி எண்ணியதே இல்லை. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முப்பதைத் தாண்டியதும் கணக்கு குழம்பியது. நாலைந்து மாத்திரை உருண்டு கீழே விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. தட்டை வாங்கி, ஐந்தைந்தாக ஒதுக்கிக் காட்டினார். சர் சர் என்று பதினெட்டு தள்ளல், தொண்ணூறு. அப்புறம் டப்பாவில் இருந்த எட்டு இலக்க எண்ணைக் காட்டி "இது என்ன?" என்றார். டிஐஎன், மருந்து அடையாள எண். லேபிளில் இருப்பதும் டப்பாவில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்காமல் இங்கே ஒரு மாத்திரையும் வெளியே போகாது. ஏழு கோர்ஸில் ஒன்றிலும் அது வரவில்லை.

அன்றைக்கு வேலை கிடைக்கவில்லை. "வாரம் இரண்டு நாள் வந்து பழகு" என்றார். மூன்று மாதம் கழித்து சம்பளம் போட்டார். அந்த மூன்று மாதத்தில் படித்ததுதான் என்னை நிறுத்தியது: இன்சூரன்ஸ் பில்லைத் திருப்பி அனுப்பினால் திரையில் வரும் குறியீட்டுக்கு என்ன அர்த்தம், 65 வயது தாண்டியவர்களின் ஓடிபி (மாகாண அரசின் மருந்துச் செலவுத் திட்டம்) பில்லில் சில மருந்துக்கு எல்யூ குறியீடு (குறிப்பிட்ட நிபந்தனைக்கு மட்டும் தரும் மருந்து என்பதற்கானது) ஏன் வேண்டும், அது இல்லாமல் வந்தால் டாக்டர் ஆபீஸுக்கு எப்படிப் பேசுவது.

அதற்காக ஆன்லைன் கோர்ஸ் எல்லாம் வெறும் காகிதம் என்று சொல்ல வரவில்லை. சில கோர்ஸுக்கு இங்கே பல் உண்டு. அவற்றின் பின்னால் ஒரு அதிகாரம் நிற்கிறது. அதை முடித்தால் நேற்றுவரை செய்யக் கூடாத ஒன்றை இன்று செய்யலாம். ஒன்டாரியோ பார்மசிஸ்டுகள் 2012இலிருந்து ஃப்ளூ ஊசி போடுகிறார்கள். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஊசிப் பயிற்சி முடிக்க வேண்டும், சிபிஆரும் முதலுதவியும் கையில் இருக்க வேண்டும். என் பயிற்சியில் பாடம் பாதி ஆன்லைனில், மீதி நேரில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளில் நானும் என் தோளில் அவளும் சலைன் குத்திக்கொண்டோம். 2023 ஜனவரி 1 முதல் பதிமூன்று சின்னச் சின்ன உபாதைகளுக்கு நாங்களே மருந்து எழுதலாம் என்று அனுமதி வந்தது, அதே வருடம் அக்டோபரில் அது பத்தொன்பது ஆனது. எழுதத் தொடங்கும் முன், பார்மசிஸ்டுகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் பார்மசிஸ்ட்ஸ் வைத்த ஆன்லைன் பாடத்தை எல்லோரும் முடித்தாக வேண்டும். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு மெத்தடோன் மருந்து கொடுக்கும் கடைகளில், டொரண்டோவின் போதை மீட்பு, மனநல மையமான காம்ஹெச் நடத்தும் கோர்ஸைக் கேட்பார்கள். ஆனால் ஒன்று கவனித்தீர்களா, இதெல்லாம் லைசென்ஸ் என்ற கதவுக்கு உள்ளே இருப்பவை. கதவைத் திறக்கும் சாவி எதுவும் இதில் இல்லை.

சாவி பிஇபிசிதான். முதலில் ஆவணச் சரிபார்ப்பு, பிறகு இவாலுவேட்டிங் எக்ஸாம், அதன்பின் குவாலிஃபையிங் எக்ஸாம் இரண்டு பாகம். ஒன்று கொள்குறி வினா, இன்னொன்று ஆஸ்கி. ஆஸ்கியில் நோயாளி வேடத்தில் ஒருவர் வந்து உட்கார்வார். நீங்கள் அவரிடம் பேசுவதை ஒருவர் பார்த்து மதிப்பெண் போடுவார். இந்த வரிசையில் எந்த இடத்திலும் உங்கள் பதினான்கையும் கேட்க ஆள் இல்லை.

அந்தப் பதினான்கின் பட்டியலைப் பார்த்தேன். ரெஸ்யூமேயில் இரண்டு பக்கம் அதற்கே போய்விட்டது. நானும் இப்போது ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன், அதனால் உடைத்துச் சொல்கிறேன்: அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்தால் 'இவர் கவுன்டரில் நிற்பாரா, இல்லை வேறு வேலைக்குத் தாவுவாரா' என்றுதான் தோன்றும். மருத்துவ ஆய்வு, மருந்துக் கண்காணிப்பு, தரவு அறிவியல், மெடிக்கல் கோடிங் என்று நாலு திசைக்கும் அம்பு விட்டிருக்கிறீர்கள். கடைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் அவற்றை ஒரே வரியில் அடக்குங்கள். மேலே என்ன வரவேண்டும் தெரியுமா? மதுரையில் கடையில் நின்ற ஒன்றரை வருடம். அதைக் கடைசியில் கூச்சத்தோடு ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்! தமிழ் பேசுவேன் என்பதும் மேலே வரவேண்டும். ஸ்கார்பரோவில் அது பெரிய விஷயம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இங்கே வரும் பெரியவர்கள் பலர் ஈழத்துக்காரர்கள். மாத்திரையைக் குளிசை என்பார்கள், சளி பிடித்தால் தடிமன், சர்க்கரை நோய் சீனி வருத்தம். முதல் வாரம் ஓர் அம்மா "வருத்தமா இருக்கு பிள்ளை" என்றபோது என்ன கவலையோ என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குக் காய்ச்சல்.

கடை வேண்டாம், மருந்துக் கம்பெனியில் மருந்துப் பாதுகாப்பு வேலைதான் குறி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே ஜிசிபி, அதாவது மருந்து ஆய்வுகளை நெறிப்படி நடத்தும் முறைக்கான சான்றிதழைப் பார்ப்பார்கள். அதற்கும் காசு கொட்ட வேண்டாம், அமெரிக்காவின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனமான நைடா இலவசமாகவே தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்யும் சுவீடனின் உப்சாலா கண்காணிப்பு மையமும் மருந்துக் கண்காணிப்பில் பாடம் வைத்திருக்கிறது. இந்த இரண்டும் போதும் தொடங்க. எந்தப் பாதை என்று முதலில் முடிவெடுங்கள்.

படிப்பதற்காகப் படிப்பது வேறு. 2016இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தின் ஆன்டிபயாடிக் கோர்ஸ் ஒன்றை ஃபியூச்சர்லேர்ன் என்ற ஆன்லைன் தளத்தில் இலவசமாக முடித்தேன். சர்டிபிகேட்டுக்குப் பணம் கேட்டார்கள், வாங்கவில்லை. ஊரில் 'ரெண்டு அமாக்ஸிசிலின் கொடுங்க' என்றால் வெட்டிக் கொடுத்த கை இது. அந்தப் பழக்கத்தை உடைத்தது அந்தக் கோர்ஸ். ஏழு வருடம் கழித்து, சிறுநீர்த் தொற்றுக்கு நானே மருந்து எழுதலாம் என்று வந்தபோது, அந்தப் பழைய நோட்டைத்தான் தேடி எடுத்தேன்.

சர்டிபிகேட் ஒன்று உண்மையிலேயே வேண்டுமென்றால், லைசென்ஸுக்குப் பிறகு சிடிஇ, நீரிழிவுக் கல்வியாளர் தகுதி. அந்தப் பரீட்சைக்கு உட்காரவே 800 மணி நேரம் நீரிழிவு நோயாளிகளோடு வேலை செய்த கணக்கு காட்ட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து 'நெக்ஸ்ட்' அழுத்தி வாங்க முடியாது. நம்மவர்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

தங்கை விஷயம். இரண்டாம் ஆண்டில் அவள் தேட வேண்டியது நல்ல பார்மகாலஜி. கோர்ஸ் ஆசை இருந்தால் ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல் பார்க்கட்டும். பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும் ஆயிரம் ரூபாய், அதுவும் மையத்துக்குப் போய் கண்காணிப்பில் எழுத வேண்டும். அதனால் அதற்கு ஒரு மரியாதை. அமெரிக்கக் கனவு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்: 2003க்குப் பிறகு பட்டம் பெற்றவர்களிடம் அங்கே ஐந்தாண்டுப் படிப்பு கேட்கிறார்கள். நான்கு வருட பி.பார்மின் மேல் எத்தனை சர்டிபிகேட்டை ஒட்டினாலும் அந்த ஒரு வருடம் நிரம்பாது. இன்னும் நீளமான ஃபார்ம்.டி படிப்புப் பக்கம் போவதா என்று யோசிக்க அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கடைசியாக, இதை நீங்கள் கேட்கவே இல்லை. பிஇபிசிக்கு மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும், நம் கையால் அனுப்பியது செல்லாது. எனக்கு அது ஒன்றுக்கே ஐந்து மாதம் ஆனது. மெயிலுக்குப் பதிலே இல்லை. கடைசியில் என் மாமா இரண்டு முறை கிண்டிக்கு நேரில் போய் நின்றார். நீங்களும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைதானே? சென்னையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இன்று ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள், அங்கே அப்போது விடிந்திருக்கும்.